கூலியைப் பிரித்தது இரத்தமா, வந்த வாசலா?



யான் வட்டாரத்தில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்த நேரம். பட்டணத்திலிருந்து காரில் வந்திருந்த ஒரு பிரமுகர் பேசத் தொடங்கினார். "சீனன் வந்தான், உழைத்தான், கடை வைத்தான். நம்மவன் வந்தான், குடித்தான், லயத்திலேயே கிடந்தான். இப்போது வங்காளதேசத்தான் வந்து இருந்த வேலையையும் பிடுங்கிக்கொண்டான். ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒரு பிறவிக் குணம் உண்டு தம்பி, அதை மாற்ற முடியாது" என்றார்.

சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் பால்மரம் வெட்டி முதுகு வளைந்தவர்கள். அவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். பிரமுகர் பேசியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் சொந்த ஜனங்கள் தலையாட்டியதுதான் நெஞ்சில் சுட்டது.

கல்யாண வீடென்று அன்று வாயை மூடிக்கொண்டேன். இன்று எழுதுகிறேன். நான் செக்ரோல் புத்தகம் எழுதிப் பிழைக்கிறவன். கணக்கு என்றால் எனக்குத் தெரியும். பிரமுகர் சொன்ன கணக்கை வரி வரியாகச் சரிபார்ப்போம், வாருங்கள்.

ஒரே மரம், இரண்டு கூலி

1937-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மார்ச்சு மாதம் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் சீனத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாள் கூலியை 75 காசு வரை உயர்த்திக்கொண்டார்கள். அதே காலத்தில் நம்மவர் கூலி என்ன? ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதுவும் ரப்பர் விலை சரிந்ததும் மறு ஆண்டு 45, 35 என்று வெட்டப்பட்டது. மரம் ஒன்று, கத்தி ஒன்று, வாளியில் விழுந்த பாலின் நிறமும் ஒன்று. கூலி மட்டும் ஏன் இரண்டு?

"சீனன் அதிகம் வெட்டினான்" என்று துரைமார் சொன்னார்கள். நம்மில் சிலர் இன்றும் அதையே சொல்கிறோம். ஆனால் அந்தக் கூலிகள் எப்படி நிர்ணயிக்கப்பட்டன என்று பாருங்கள். சீனர் பெரும்பாலும் குத்தகைக்காரரின் கீழ் வேலை செய்தார்கள். எடைக்குக் காசு. கட்டாவிட்டால் கொங்சி வீட்டை மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கோ ஈயச் சுரங்கத்துக்கோ போய்விடுவார்கள். ஆகவே அவர்கள் கூலியைச் சந்தை முடிவு செய்தது.

நம்மவர் கூலியை முடிவு செய்தது சந்தையன்று. துரைமாரும் அரசாங்க அதிகாரிகளும் உட்கார்ந்த குழு. ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு எத்தனை அரிசி, எத்தனை பருப்பு, எத்தனை முழத் துணி என்று பட்டியல் போட்டு, அதற்கு விலை போட்டு, அதுவே தரக்கூலி என்றார்கள். அதாவது, ஊரில் பஞ்சத்தில் குறைவாக உண்டு பழகியவன் இங்கேயும் குறைவாக உண்பான். எனவே குறைவாகக் கொடுத்தால் போதும் என்பது கணக்கு. வறுமையை அளவுகோலாக வைத்துக் கூலி போட்டுவிட்டு, கூலி குறைந்தவனைப் பார்த்து "நீ ஏன் வறியவன்?" என்று கேட்பது என்ன நியாயம்?

நாகப்பட்டினத்து வாசல்

என் பாட்டியின் தாய் 1936-இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். பினாங்குக்கு வந்ததும் புலாவ் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம். பிறகு தோட்டம். "காசு கொடுக்காமல் கப்பலில் வந்தோம்" என்று கடைசிவரை பெருமையாகச் சொல்வாராம். உண்மைதான். 1907-இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து பயணச் செலவு போயிற்று. அந்த நிதிக்குப் பணம் கட்டியவர்கள் தோட்ட முதலாளிகள். ஏன் கட்டினார்கள்? தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தால் இங்கே இருப்பவன் கூலி கேட்க மாட்டான் என்பதற்காகத்தான்.

ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எவரும் வெளியேறலாம். ஆனால் வெளியேறி எங்கே போவது? அழைத்து வந்த கங்காணி அதே ஊர்க்காரர். அவருக்குத் தம் ஆட்கள் வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம் தலைக்காசு உண்டு. அவர் கணக்கில் நம் கடன் உண்டு. வீடு தோட்டத்துடையது, கடை தோட்டத்துடையது, பிள்ளைக்கொட்டகையும் மருந்தும் தோட்டத்துடையவை. கள்ளுக்கடையும் தோட்டத்து வேலிக்குள்ளேதான் உரிமத்தோடு நடந்தது. "நம்மவன் குடித்தான்" என்றாரே பிரமுகர், அந்தக் கடையைப் பிரட்டுக் களத்திற்குப் பக்கத்திலேயே கட்டி வைத்தவன் யார் என்று ஒரு நாளாவது கேட்டாரா?

பள்ளிக்கூடமும் அப்படியே. கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரே இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. ஆள் குறைந்த பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். பிரட்டு முடிந்து கணக்கு எழுதிய கையோடு வந்து அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தால் பிள்ளை எவ்வளவு தூரம் படிக்கும்? நாலெழுத்துத் தெரிந்தால் போதும், அப்பனுடைய கத்தியை எடுத்துக்கொள்வான் என்பதுதான் ஏற்பாடு.

சீனத் தோழர்களின் வாசல்

சீனர் சுகமாக வந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. கப்பல் கூலியைக் கடனாகச் சுமந்து வந்தவர் ஆயிரமாயிரம். குத்தகைக்காரரின் கடை, அபினி, சூது, இரகசியச் சங்கம் எல்லாம் அவர்களையும் உறிஞ்சின. நமக்காவது பேருக்கு ஒரு தொழிலாளர் சட்டமும் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டும் இருந்தார்கள். அவர்களுக்கு அப்படி ஓர் ஏஜெண்டு இல்லை. ரப்பர் விலை விழுந்தால் குத்தகைக்காரர் கையை விரித்துவிடுவார்.

ஆனால் அந்தக் கைவிடுதலே அவர்களை வேறு வழிக்குத் தள்ளியது. 1930-களின் மந்தத்தில் வேலையிழந்த நம்மவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சீனரிலும் ஊர் திரும்பியவர் பலர். இங்கேயே நின்றவர்களோ காட்டோரத்தில் குடிசை போட்டு மரவள்ளியும் காய்கறியும் பயிரிட்டார்கள், பன்றியும் கோழியும் வளர்த்தார்கள். 1933-இல் சீன ஆண்கள் வருவதற்குக் கட்டுப்பாடு வந்தது. 1938 வரை பெண்களுக்குத் தடையில்லை. வந்த பெண்கள் பலர் மரம் வெட்டினார்கள், குடும்பம் நிலைத்தது.

ஒரு துண்டு நிலமும் வீட்டில் இரண்டாவது வருமானமும் உள்ளவன் ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்ய முடியும். லயத்தில் இருப்பவன் வேலைநிறுத்தம் செய்தால் மறுநாளே வீடும் போய்விடும். 75 காசுக்கும் 50 காசுக்கும் நடுவே இருந்த 25 காசு, தோழர்களே, அந்த மரவள்ளிக் கொல்லையின் விலை.

அந்தக் கொல்லைக்கும் அவர்கள் பின்னால் கப்பம் கட்டினார்கள். 1950 முதல் அவசரகாலத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனரை, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். அரிசிக்கு அளவு, வாசலில் சோதனை, இரவில் ஊரடங்கு. அவர்கள் பட்டதை நாம் மறுக்கக்கூடாது. ஆனாலும் வேலி கழன்ற பிறகு அங்கே ஒரு வீட்டு மனை மிஞ்சியது. லயத்து வீட்டில் நமக்கு என்ன மிஞ்சியது?

ஒரே இரத்தம், வேறு வாசல்

"இல்லை இல்லை, இனத்தின் குணந்தான்" என்று இன்னும் பிடிவாதம் பிடிப்பவருக்கு ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் யார்? அவர்களும் தமிழர். அதே முருகன், அதே திருநீறு, அதே தைப்பூசம். அவர்கள் இரயில்வேயிலும் கந்தோர்களிலும் தோட்ட ஆபீசிலும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பால்மரத்தடிக்கு வந்தவர் அரிது. இரத்தம் ஒன்றென்றால் பலன் ஏன் வேறு? பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷனும் வெஸ்லியன் மிஷனும் அங்கே பள்ளிகள் வைத்து ஆங்கிலம் கற்றுக்கொடுத்திருந்தன. அவர்கள் கையில் சான்றிதழோடு வந்தார்கள். நாம் கையில் தகரப்பெட்டியோடு வந்தோம்.

நம் யானையே பாருங்கள். ஜெராய் மலையடிவாரத்தில் கம்போங் ஆச்சே இருக்கிறது. 1873-இல் டச்சுக்காரர் தொடுத்த போரிலிருந்து தப்பிக் கடல் கடந்து வந்த ஆச்சே மக்கள் அமைத்த கிராமம். அவர்களும் வந்தேறிகள்தாம். அகதிகளாகவே வந்தார்கள். ஆனால் அவர்கள் குடியானவராகக் கால் வைத்தார்கள். நிலத்தைத் திருத்தித் தோட்டம் போட்டார்கள், ஊர் அவர்களுடையதாயிற்று. மலாய்ச் சமுதாயமும் தன்னுள் ஏற்றுக்கொண்டது. ஆச்சே வழிவந்த சனூசி ஜூனிட் இந்த யானில் பிறந்தவர். மத்திய அமைச்சராக இருந்து, 1996 முதல் 1999 வரை கெடாவின் மந்திரி புசாராகவும் இருந்தார். எனக்கு அதில் பொறாமையில்லை, மகிழ்ச்சிதான். அதே மலையின் மழையில் நனைந்த தோட்டத்து லயத்திலிருந்து அப்படி ஒருவர் புறப்பட வழியிருந்ததா என்று மட்டும் கேட்கிறேன்.

நம் மேடைப் பேச்சாளர்கள் வந்தால் கடாரம் கொண்டான் என்பார்கள், ராஜேந்திர சோழன் படை 1025-இல் வந்தது என்பார்கள், பூஜாங் பள்ளத்தாக்கைக் கைகாட்டுவார்கள். கைதட்டுகிறோம். கூட்டம் முடிந்து லயத்துக்குப் போனால் கூரை ஒழுகுகிறது. கடாரம் கொண்டவன் பேரப்பிள்ளைக்குக் கடாரத்தில் கால் காணி நிலமில்லை!

நாம் சும்மா கிடந்தோமா?

"லயத்திலேயே கிடந்தான்" என்றாரே, அதுவும் பொய். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் நம்மவர் எழுந்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி! பிள்ளைகளுக்குப் படிப்பு, தோட்டத்தில் கள்ளுக்கடை ஒழிப்பு, மரியாதை. குடிகாரன் என்று பழிக்கப்பட்டவனே கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராடினான். மே மாதம் நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளத்தை வரவழைத்துச் சுட்டார்கள்.

அந்தக் கோரிக்கைகளில் இன்னொன்றும் உண்டு. தொழிலாளி சைக்கிளில் போகும்போது துரையைக் கண்டாலோ, ஆசிய உத்தியோகஸ்தரைக் கண்டாலோ இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. ஆசிய உத்தியோகஸ்தர் யார்? கிராணியும் டிரெசரும்! கிராணிமார்களே, இதை நாம் மறைக்கக்கூடாது. நம் நாற்காலிக்கு முன்னால் அவன் சைக்கிளைவிட்டு இறங்கினான். நாமும் அந்த அமைப்பின் ஒரு படிக்கட்டாக இருந்தோம்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் சயாம் மரண இரயில் பாதைக்கு நம்மவரைப் பல்லாயிரக்கணக்கில் ஓட்டிப்போனான். மிஞ்சியவர் திரும்பி வந்து, நம் கெடாவிலேயே பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர்படை அமைத்தார்கள். கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். 1947-இல் போலீஸ் தடியோடும் துப்பாக்கியோடும் வந்தது. ஏப்ரலில் கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் சுட்டதில் ஒரு தொழிலாளி மாண்டார்.

பிறகு 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் பிறந்தது. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளி சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் முதல் தோட்டம் வாங்கியது எங்கே தெரியுமா? நம் கெடாவில், புக்கிட் சீடிம். அங்கே நம்மவனின் பிறவிக் குணம் எங்கே போயிற்று? வாசல் கொஞ்சம் திறந்ததும் உள்ளே நுழைந்தானே!

இன்றைய வாசல்

இப்போது பிரமுகரின் மூன்றாவது கணக்குக்கு வருகிறேன். "வங்காளதேசத்தான் பிடுங்கிக்கொண்டான்."

அவன் எப்படி வருகிறான் என்று கிராணிமாருக்குத் தெரியும். ஊரில் நிலத்தை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டு வருகிறான். அவனுடைய வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. அந்த இடம் பிடிக்காமல் வெளியே கால் வைத்தால் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுவான். என் கொள்ளுப்பாட்டிக்காவது கப்பல் செலவு இனாம், ஒரு மாத முன்னறிவிப்பில் வெளியேறும் உரிமை ஏட்டளவிலாவது இருந்தது. இவனுக்கு இரண்டும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். ஓர் இளைஞன் ஆபீசு ஜன்னலுக்கு வந்தான். தாய்க்கு உடம்பு சரியில்லை, பாஸ்போர்ட்டைத் தாருங்கள் என்றான். அது என் முதுகுக்குப் பின்னால் இரும்பு அலமாரியில் இருந்தது. சாவி என் மேசையில். "மேலிடத்தில் கேள்" என்று சொல்லிவிட்டுச் செக்ரோலைப் புரட்டினேன். ஒருவருடைய பாஸ்போர்ட்டை மற்றொருவர் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். மூன்று வாரம் கழித்துத்தான் அவன் கைக்கு அது போயிற்று. அதற்குள் அந்தத் தாய் இல்லை.

அன்று இரவு என் கொள்ளுப்பாட்டியின் கங்காணி வைத்திருந்த கடன் புத்தகம் நினைவுக்கு வந்தது. இப்போது அந்தப் புத்தகத்தை வைத்திருப்பவன் நான்.

முதலாளி ஏன் அவனை விரும்புகிறான்? உழைப்பாளி என்பதாலா? நம் பாட்டன்மாரைப் பற்றியும் "தமிழன் சாது, சொன்னதைக் கேட்பான், மலிவு" என்றுதான் அன்றைக்குத் துரைமார் புகழ்ந்தார்கள். எவன் வெளியேற முடியாதோ அவனே நல்ல தொழிலாளி. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. சட்டம் உள்ளூரான், வெளியூரான் என்று பிரிக்கவில்லை. ஆனால் சேமநிதியைப் பாருங்கள். நமக்காக முதலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 12 அல்லது 13 கட்ட வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு 2025 அக்டோபர் சம்பளம் முதல்தான் கட்டாயம். அதுவும் நூற்றுக்கு 2. அந்த வித்தியாசம் எந்தப் பக்கத்துப் பையில் விழுகிறது? வங்காளதேசத்தான் பையில் இல்லை!

1937-இல் தமிழனுக்கு 50 காசு கொடுத்ததால் சீனன் கூலி உயரவில்லை. அவனை மிரட்டவே அந்த 50 காசு பயன்பட்டது. இன்று வெளிநாட்டான் மலிவாக இருக்கும்வரை நம் சம்பளம் உயராது. மலிவான ஆள் பக்கத்தில் இருக்கும்போது எந்த முதலாளி நம் கோரிக்கையைப் படிப்பான்? அவனை விரட்டினால் வேறொரு நாட்டிலிருந்து வேறொருவன் அதே வாசல் வழியாக வருவான். ஆகவே வாசலைத்தான் மாற்ற வேண்டும்.

எங்கள் கிளைக் கூட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளரை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று ஒரு தோழர் கேட்டார். "சங்கம் நம்மவருக்கு" என்று சிலர் கத்தினார்கள். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. உறுப்பினராகச் சேர்வதைச் சட்டம் தடுக்கவில்லை, தோழர்களே. தடுப்பது கல்யாண வீட்டில் கேட்ட அதே பேச்சு. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் மீண்டும் வருகிறது. அதற்கு வாக்குக் கேட்கவே இதை எழுதினேன்.

நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று: ஒரே வேலைக்கு ஒரே சம்பளம், ஒரே சேமநிதி, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்ற பேதம் வேண்டாம். இரண்டு: அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கையில், கிராணி அலமாரியில் வேண்டாம். மூன்று: சங்க அறிவிப்பு வங்காள மொழியிலும் நேபாளியிலும் இந்தோனேசிய மொழியிலும் லயத்துச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். நான்கு: முப்பது ஆண்டு மரம் வெட்டியவர் ஓய்வு பெற்ற மறுநாள் சட்டிப்பானையோடு தெருவில் நிற்காதபடி, தொழிலாளிக்குச் சொந்த வீடு. இந்த நான்காவதை விட்டுவிட்டு முதல் மூன்றை மட்டும் வாங்கினால் நம் பிள்ளைகள் நம்மை மன்னிக்க மாட்டார்கள்.

பிரமுகர் ஐயா! தாங்கள் மறுபடி எங்கள் வட்டாரத்துக் கல்யாணத்துக்கு வர வேண்டும். அன்று தாங்கள் "சீனன், தமிழன், வங்காளதேசத்தான்" என்று தொடங்கினால், தலையாட்டாமல் எழுந்து நின்று ஒரு கிழட்டுப் பால்மரம் வெட்டி கேட்பார்: "அவன் எந்த வாசல் வழியாக வந்தான் ஐயா? அந்த வாசலின் சாவி யாரிடம் இருந்தது?"

அந்தக் கேள்விக்குப் பதிலை யோசித்துக்கொண்டு வாருங்கள்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!

— ஒரு தோட்டக் கிராணி, யான், கெடா